கேஸ் தொட்டிக்குச் சாணி கொண்டுவந்தது நான்தான்

நான் கட்டியதை எல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு யாரும் தெரியாது என்று சொல்லக் கூடாது.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் எங்கள் ஜவ்வரிசி மில் வரும். மில்லைக் கட்டியது நான். மில்லுக்குப் போகிற ரோட்டைப் போட்டதும் நான்தான். அதற்கு முன்னால் அங்கே வேலிக்காத்தான் முள்ளைத் தவிர ஒன்றும் கிடையாது. கிணறு வெட்டியது நான். தண்ணீர் பார்க்க வந்தவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காடு முழுக்க நடந்துவிட்டு, "இங்க கல்லுதானுங்க இருக்குது, வேற எடம் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வேறு இடம் பார்க்கவில்லை. கல்லை உடைத்தேன். தண்ணீர் வந்தது. கிழங்கு மாவு காயப்போடும் களத்துக்குச் சிமென்ட் போட்டது நான். கரண்ட் ஆபீசில் நடையாய் நடந்து கம்பம் நட வைத்தது நான். பேங்கில் என் கையெழுத்தைப் பார்த்து மேனேஜர் சிரித்தார். மில் திறந்த அன்றைக்கு அதே மேனேஜர் முன்வரிசையில் உட்கார்ந்து பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார். அதையும் நான் கவனித்தேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைக்கும். அதிலும் பாதி நாள் கிழங்குக் காட்டில் இருந்தேன். என் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வரப்புகூடக் கிடையாது. பிறத்தியார் காட்டில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கினவன், பிறகு பிறத்தியார் மில்லில் கிழங்கு சுமந்தவன், அதற்கப்புறம் சொந்தமாக மில் வைத்தான். இதை எழுதும்போது எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. செய்ததைச் சொல்வதற்கு எதற்குக் கூச்சம்?

இவ்வளவும் எல்லாருக்கும் தெரிந்த கதை. நான் எழுத உட்கார்ந்தது கேஸ் தொட்டியைப் பற்றி. அதில் என் பங்கு என்ன என்பது இன்னும் எங்கேயும் எழுதப்படவில்லை.

ஜவ்வரிசி மில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிழங்கைத் தோலுரித்து, கழுவி, அரைத்து, பிழிந்து, பாலைத் தொட்டியில் தெளிய விட்டால் மாவு அடியில் தங்கும். மேலே நிற்கிற தண்ணீரை வெளியே விட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் ஒரு நாள் நின்றால் புளிக்கும். புளித்தால் நாறும். சாதாரண நாற்றம் இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து ஊரில் சோறு இறங்காது. என் காலத்தில் எல்லா மில்லும் அப்படித்தான் இருந்தது. தண்ணீர் வாய்க்காலில் போய், பள்ளத்தில் தேங்கி, பூமிக்குள் இறங்கி, பக்கத்துக் கிணற்றுக்குள் போகும். எங்கள் மில்லுக்குக் கீழ்ப்புறம் மாட்டுப் பண்ணை வைத்திருக்கிற பங்காளி ஒருவர் இருக்கிறார். அவருக்கும் எனக்கும் இந்தத் தண்ணீரை வைத்தே பல வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் மனுப் போடாத ஆபீஸ் இந்த ஜில்லாவில் இல்லை. மனுவில் என்னை 'மேற்படி ஆலை அதிபர்' என்று எழுதியிருந்தார். அந்த வார்த்தை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அப்போதுதான் என் இளைய மருமகள் வந்தாள்.

சுற்றுச்சூழல் மேலாண்மை என்று ஒரு படிப்பு படித்தவள். இளையவனுக்குப் பெங்களூரில் கம்பெனி வேலை. அவளுக்கும் அங்கேயே வேலை தருவதாகச் சொன்னார்கள். கைக்குழந்தையோடு இங்கே வந்து ஒரு மாசம் தங்கியவள், ஒரு நாள் மில்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டாள்.

"ஏனுங் மாமா, இந்த மில்லு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்குது?"

"கெணத்துல இருக்கற வரைக்கும் குடிக்கும், சாமி."

"எவ்வளவு வெளிய போகுது?"

"குடிச்சதெல்லாந்தான்."

"எவ்வளவுன்னு தெரியாம எப்படிங் மாமா கொறைக்கறது?"

அவள் குழாய்க்குக் குழாய் மீட்டர் மாட்டினாள். பெங்களூர் போகவில்லை. இளையவன் வாரக் கடைசியில் பஸ் பிடித்து வந்து போனான். பேத்தி என் தட்டிலிருந்து சோறு தின்னப் பழகினாள்.

அவள் முறை எனக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. மில் எதை எடுக்கிறது, எதை வெளியே தள்ளுகிறது என்று முதலில் அளக்க வேண்டும். இந்த வருஷம் எதைக் குறைக்கப் போகிறோம் என்று முடிவு பண்ண வேண்டும். அதற்கு ஒரு ஆளைப் பொறுப்பாக்க வேண்டும். நடந்ததா என்று பார்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அவ்வளவுதான். நான் கல்லை உடைத்துக் கிணறு வெட்டினபோதும் இதைத்தான் செய்தேன், அதற்கு இங்கிலீஷில் பெயர் வைக்கத் தெரியவில்லை என்று அவளிடமே சொன்னேன். "அதுதானுங் மாமா" என்று சிரித்தாள். அவள் சிரித்தால் நான் சொன்னது சரி என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

கிழங்கைக் கடைசி முறை கழுவின தண்ணீரைப் பிடித்து அடுத்த லோடு கிழங்கின் முதல் கழுவலுக்கு விட்டாள். கேட்டில் வரிசையில் நிற்கிற லாரிகள் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்றாள். டிரைவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு, டீயும் கொடுத்தாள். அப்புறம் யாரும் முணுமுணுக்கவில்லை. கழிவுத் தண்ணீரெல்லாம் போய் விழுகிற மாதிரி ஒரு பெரிய தொட்டி வெட்டி, மேலே கறுப்பு ரப்பர் விரிப்பு போட்டு மூடி, உள்ளே புளிக்கிற தண்ணீரிலிருந்து கேஸ் பிடித்தாள். அந்தக் கேஸில் ஜவ்வரிசி வறுக்கிற அடுப்பு எரிந்தது. விறகுக் கொட்டகையைப் பிரித்தோம். நாற்றம் பாதிக்கு மேல் போய்விட்டது.

கேஸ் சேரச் சேர அந்தக் கறுப்பு விரிப்பு உப்பிக்கொண்டு எழும்பும். களத்துப் பெண்கள் அதற்கு யானை என்று பெயர் வைத்தார்கள். காலையில் வேலைக்கு வந்ததும், "யான எந்திரிச்சிருச்சா?" என்றுதான் கேட்பார்கள். எனக்கும் அதைப் பார்க்காமல் காபி இறங்காது.

மூத்தவனுக்கு மட்டும் இதெல்லாம் முழு மனசாகப் பிடிக்கவில்லை. மில்லை நடத்துகிறவன் அவன். கணக்காகப் பேசுவான். சேலத்தில் ஒரு பெரிய கம்பெனி எங்களிடம் மாவு வாங்குகிறது. இனிமேல் சுற்றுச்சூழல் சர்ட்டிபிகேட் உள்ள மில்லில்தான் வாங்குவோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். தீபாவளி முடிந்ததும் ஆடிட்டர் வந்து பார்ப்பார் என்று நாள் குறித்தார்கள். அன்றைக்கு மூத்தவன் எல்லார் முன்னாலும் சொன்னான்: "பாஸானா இப்படியே ஓட்டுவோம். இல்லீன்னா விறகடுப்பு திரும்ப வரும். அம்மிணி பெங்களூருக்கே போயிக்கலாம். அங்க வேலை காத்துக்கிட்டுத்தான இருக்குது."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோபத்தில் சொன்னதை மறுநாள் மாற்றலாம். மருமகள் சரி என்று தலையை ஆட்டினாள். நான் பேத்தியின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் மிஷினுக்குப் பொட்டு வைப்பதோடு முடிந்துவிடாது. முதல் நாளே வேலையை நிறுத்திவிட்டுக் கூரையிலிருந்து வாய்க்கால் வரைக்கும் கழுவ வேண்டும். லாரிப் பட்டறையாக இருந்தாலும் சரி, தறிக் கூடமாக இருந்தாலும் சரி, அன்றைக்கு எல்லா இடமும் கல்யாண வீடு மாதிரி இருக்கும். அந்த வருஷம் எங்கள் களத்துப் பெண்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. சின்னம்மாவைப் பார்க்கச் சீமையிலிருந்து ஆடிட்டர் வருகிறார், மில் பளிங்கு மாதிரி இருக்க வேண்டும் என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள். சின்னம்மா என்று அவர்கள் சொல்வது என் மருமகளைத்தான். அவள் பூஜைக்கு ஈரோட்டில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வருவதற்குள் செய்துவைத்து அவளை அசத்த வேண்டும் என்பது அவர்கள் திட்டம்.

களத்துக்கு மேஸ்திரியாக இருக்கிற அம்மாள்தான் முன்னால் நின்றது. மூத்தவனிடம் போய்ப் பிளீச்சிங் பவுடர் கேட்டது. அவனும் தாராளமாக மூட்டை மூட்டையாக இறக்கிக் கொடுத்தான். தோலுரிக்கிற தரை, கழுவுகிற தொட்டி, வாய்க்கால் என்று ஒன்று விடவில்லை. கொட்டித் தேய்த்துக் கழுவினார்கள். பினாயிலும் ஊற்றினார்கள். மில் அப்படி மின்னி நான் பார்த்ததே இல்லை. வாய்க்காலில் என் முகம் தெரிந்தது. பூசணிக்காய் உடைத்தோம், பொரி கொடுத்தோம், சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனோம்.

கழுவின தண்ணீரெல்லாம் வாய்க்கால் வழியாக யானையின் வயிற்றுக்குள் போய்விட்டது.

மறுநாள் பார்க்கும்போது விரிப்பு கொஞ்சம் தளர்ந்திருந்தது. லீவு நாள் என்பதால் இருக்கும் என்றார்கள். அதற்கடுத்த நாள் நடுவில் குழி விழுந்தது. வறுக்கிற அடுப்பு மஞ்சளாக எரிந்து, இருமி, அணைந்தது. மேஸ்திரியம்மாள் ஓடிவந்தது.

"ஏனுங்கய்யா, யான படுத்துருச்சுங்."

மருமகள் ஈரோட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். வாய்க்காலைப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள். காலி மூட்டைகளைப் பார்த்தாள். தொட்டிக்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள்தான் கழிவைத் தின்று கேஸாக மாற்றுகின்றன, பிளீச்சிங் பவுடர் அதையெல்லாம் கொன்றுவிட்டது என்று சொன்னாள். திட்டவில்லை. அதுதான் பெண்களுக்குப் பொறுக்கவில்லை. மேஸ்திரியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றது.

"உனக்கோசரந்தான் கண்ணு கழுவுனோம்" என்றது.

"தெரியுமுங்க்கா. நாந்தான் சொல்லாம உட்டுட்டேன். உள்ள உசுரு இருக்குதுன்னு உங்களுக்கு நான் சொல்லவே இல்ல."

தொட்டி கட்டின கம்பெனி இன்ஜினியருக்குப் போன் போட்டாள். புதுக் கழிவை உள்ளே விடாதீர்கள், சுண்ணாம்பு கரைத்து ஊற்றிப் புளிப்பை அடக்குங்கள், அப்புறம் மாட்டுச் சாணியைக் கரைத்து ஊற்றுங்கள், அதில்தான் அந்தப் பூச்சிகள் இருக்கின்றன என்று அவர் சொன்னார். ஈரச் சாணி, அன்றைக்குப் போட்டது, டிராக்டர் டிராக்டராக வேண்டும். கோழி எரு கூடாது.

நாமக்கல் ஜில்லாவில் கோழி எரு கூடாது என்றால் என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. கோழி எரு கேட்டால் கேட்டுக்கே லாரி வந்து நிற்கும். மாட்டுச் சாணி அப்படி இல்லை. மாடு வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். வைத்திருக்கிறவர்களும் தங்கள் காட்டுக்கே போதாது என்று குப்பைக்குழியில் சேர்த்து வைக்கிறார்கள். மூத்தவன் ஒரு எரு வியாபாரியைப் பிடித்தான். அவர் காய்ந்து மண்ணான எருவை லாரியில் கொண்டுவந்து கொட்டினார். அதில் உயிர் எங்கே இருக்கும்? மேச்சேரி ஆடு வைத்திருக்கிற ஒரு தெரிந்தவர் ஆட்டுப் புழுக்கை வேண்டுமானால் அள்ளிக்கோ என்றார். அதுவும் உதவாது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். தீபாவளியோ நெருங்கிக்கொண்டிருந்தது. மருமகள் அன்றைக்குச் சாயங்காலம் பேத்தியின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சும்மாதான் மடித்தாள். ஆனால் எனக்குப் பெட்டி கட்டுவது போலத் தெரிந்தது.

அப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை. இதை அடிக்கோடு போட்டுப் படிக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கிளம்பினேன்.

சாணி எங்கே இருக்கும்? மாடு இருக்கிற இடத்தில். மாட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கூடுவது எங்கே? பால் சொசைட்டியில். விடிந்ததும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய்ப் பால் சொசைட்டி வாசலில் நின்றேன். கேனும் தூக்குப்போசியுமாக வரிசை நின்றிருந்தது. வரிசை நடுவில் கீழ்ப்புறத்துப் பங்காளி, இரண்டு பெரிய கேன்களோடு. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முன்னால் நின்ற ஒருவர் ஆரம்பித்தார். "ஏனுங், மில்லுக்காரரு காத்தாலயே வந்துட்டீங்க. மாடு எப்ப வாங்குனீங்க?"

"மாடு வாங்கலீங்க. பாலு ஊத்த வரல. சாணி கேக்க வந்தேன்."

"சாணியுங்களா? மில்லு பூரா மொழுகிக் கோலம் போடறதுக்குங்களா?"

வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பூஜைக்குக் கழுவினது, தொட்டி செத்தது, ஈரச் சாணி கிடைக்காவிட்டால் பழையபடி தண்ணீர் வாய்க்காலில்தான் போகும் என்பது எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாரும் பங்காளியைப் பார்த்தார்கள். அவரிடம்தான் மாடு அதிகம். அவர் தராவிட்டால் ஒருவரும் தரமாட்டார்கள். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவர் கேனைக் கீழே வைத்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசினார்.

"இத்தன வருசமா உங்க மில்லுத் தண்ணிய எங்க கெணறு குடிச்சுது. இப்ப எங்க சாணிய உங்க தொட்டி குடிக்கோணுமாக்கும்."

"ஆமாங்க. குடிக்கோணும்."

"கேக்கறதுக்கு வெக்கமா இல்லீங்களா?"

"வெக்கப்பட்டிருந்தா நான் மில்லு கட்டியிருக்க முடியுங்களா?"

யாரோ பின்னால் குபீரென்று சிரித்தார்கள். பங்காளி சிரிக்கவில்லை. ஆனால் மீசை கொஞ்சம் ஆடியது. நான் பார்த்தேன்.

"உங்களுக்குன்னா ஒரு கூடை தரமாட்டேன்" என்றார். "அந்தப் புள்ளைக்குத் தர்றேன். மாசா மாசம் எங்க கெணத்துக்கு வந்து பாட்டில்ல தண்ணி புடிச்சுட்டுப் போகுது. நல்லா இருந்தா நல்லா இருக்குதுங்குது. கெட்டுப்போயிருந்தா கெட்டுப்போச்சுங்குது. உங்க ஊட்டுல உள்ளதச் சொல்ற ஆளு ஒண்ணு இருக்குதேன்னு நெனச்சுக்குவேன். போன வருசம்தான் என்ற மாப்பிள்ள எங்க ஊட்டுல உக்காந்து நிம்மதியா சோறு தின்னாரு. அதுக்கு முன்னாடி எல்லாம் நாத்தத்துக்குக் காரைவிட்டே எறங்கமாட்டாரு."

"அந்தப் புள்ள என்ற மருமகதானுங்க."

"அதனாலதான் இன்னும் நின்னு பேசீட்டு இருக்கறேன்."

"டிராக்டர நாளைக்கே அனுப்பட்டுங்களா?"

"டிராக்டரு மட்டும் வந்தா சாணி ஏறாது. நீங்களும் கூட வாங்க. வந்து அள்ளுங்க."

போனேன். இதையும் அடிக்கோடு போட வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பங்காளி மாடு கட்டுகிற கட்டுத்தரையில் குனிந்து அள்ளினேன். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மூலையில கெடக்குது பாருங்க, உட்டுட்டீங்க" என்று கை காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்துவந்து கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தார். அதற்கப்புறம் ஊரில் சாணி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. தினமும் காலையில் பால் சொசைட்டியில் ஆரம்பித்து, கட்டுத்தரை கட்டுத்தரையாக டிராக்டர் போகும். சாணி மேலே சாக்கு விரித்து நான் உட்கார்ந்திருப்பேன். "மாப்பிள்ள ஊர்வலம் வருது" என்று பெண்கள் வாசலுக்கு வந்து கேலி பேசினார்கள். ஒரு வீட்டில் சந்தனம்கூடக் கொடுத்தார்கள். வாங்கிப் பூசிக்கொண்டேன்.

மில்லில் களத்துப் பெண்கள் சாணியைக் காலால் மிதித்துக் கரைத்து, வைக்கோலை வடிகட்டித் தொட்டிக்குள் விட்டார்கள். மருமகள் ஒரு சின்னக் கருவியை முக்கிப் புளிப்பைப் பார்ப்பாள். உதட்டைப் பிதுக்குவாள். மறுநாளும் பார்ப்பாள். ஒரு நாள் உதட்டைப் பிதுக்கவில்லை. விரிப்பின் ஓரத்தில் கை வைத்தால் உள்ளே கொப்புளம் வெடிப்பது தெரிந்தது, இட்லி மாவு பொங்குகிற மாதிரி. தீபாவளிக்கு முந்தின நாள் யானை எழுந்து நின்றது. அடுப்பு நீலமாக எரிந்தது. மேஸ்திரியம்மாள் அதற்குச் சூடம் காட்டப் போனது. கேஸ் தொட்டிப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம் என்று மருமகள் கையைப் பிடித்து நிறுத்தினாள். தேங்காய் மட்டும் உடைத்தோம்.

ஆடிட்டர் வருவதற்கு முன்னால் மூத்தவன் எல்லாரையும் கூப்பிட்டான்.

"ஆயுத பூஜை சமாச்சாரம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. இப்பதான் தொட்டி நல்லா ஓடுதில்ல? அது போதும்."

"கேட்டா மறைக்க மாட்டேனுங்க" என்றாள் மருமகள்.

"கேட்டாத்தான?" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்க அன்னிக்கு ஊட்டுலயே இருங்க" என்றான்.

நான் கட்டின மில்லுக்கு நான் போகக் கூடாதா? சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

ஆடிட்டர் கோயம்புத்தூர்க்காரர். சின்ன வயசு, அதிகம் பேசாதவர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் யானையின் பக்கத்தில் வந்து நின்றார்.

"தொட்டி நல்லா வேலை செய்யுதா?"

"நல்லா செய்யுதுங்க சார்" என்றான் மூத்தவன்.

"எப்பவுமேவா?"

மூத்தவன் விரிப்பைப் பார்த்தான். மருமகள் வாயைத் திறந்தாள். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"எப்பவுமே எப்படிங்க? ஆயுத பூஜைக்குச் செத்தே போச்சு. நாந்தான் சாணி கொண்டாந்து எழுப்புனேன்."

ஆடிட்டர் என் பக்கம் திரும்பினார். "ஐயா யாருங்க?"

நல்ல கேள்வி. கிணற்றிலிருந்து ஆரம்பித்தேன். கல்லை உடைத்தது, ரோடு போட்டது, பிறகு பிளீச்சிங் பவுடர், பால் சொசைட்டி, பங்காளி பேசினது, கட்டுத்தரையில் அள்ளினது எல்லாவற்றையும் சொன்னேன். மூத்தவன் இருமினான். இன்னும் கொஞ்சம் சத்தமாக இருமினான். நான் நிறுத்தவில்லை. மருமகளின் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் அவள் என்னைத் தடுக்கவில்லை.

ஆடிட்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார், "அடுத்த ஆயுத பூஜை வருமே. அப்ப என்ன பண்ணுவீங்க?"

மேஸ்திரியம்மாள் முன்னால் வந்தது. வாய்க்கால் தொட்டிக்குப் போகிற இடத்தில் புதிதாகப் போட்டிருந்த சிவப்பு மடையைக் காட்டியது.

"இனிமேட்டு கழுவற அன்னிக்கு இத அடைச்சுப்போட்டு, தண்ணிய அக்கட்டால இருக்கற குழிக்கு உட்டுருவமுங்க. பிளீச்சிங் பவுடரு பூட்டுக்குள்ள இருக்குதுங்க. சாவி என்ற இடுப்புல. புதுசா வேலைக்கு வர்றவிகளுக்கு மொதோ நாளே இந்த எடத்துல நிக்க வெச்சு, உள்ள உசுரு இருக்குதுன்னு நாந்தான் சொல்றனுங்க."

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"சின்னம்மாளும் நாங்களும் உக்காந்து பேசி முடிவு பண்ணுனமுங்க."

ஆடிட்டர் மருமகளைப் பார்த்தார். "இதை நீங்களே முதல்ல சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வந்தேன் சார். எங்க மாமா முந்திக்கிட்டாரு."

அவர் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். "தப்பே நடக்காத மில்லுன்னு யாராவது சொன்னா, நான் இன்னும் ரெண்டு நாள் தங்கித் தேடுவேன்" என்று சொல்லிவிட்டு, டீ வேண்டும் என்று கேட்டார். வேப்பமரத்தடி பெஞ்சில், லாரி டிரைவர்களோடு உட்கார்ந்துதான் குடித்தார்.

சர்ட்டிபிகேட் வந்துவிட்டது. கண்ணாடி போட்டு ஆபீசில் மாட்டியிருக்கிறோம். மூத்தவன் இப்போது வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, "எங்க சிஸ்டம்" என்கிறான். பெங்களூர்ப் பேச்சு நின்றுவிட்டது. பேத்தியை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. இளையவன்தான் இப்போது இந்தப் பக்கம் வேலை தேடுகிறான். பங்காளி காலையில் வாக்கிங் வந்தால் யானையைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். "எஞ் சாணி எப்படி இருக்குது?" என்று கேட்பார். நல்லா இருக்குதுங்க என்பேன்.

எல்லாம் சரி. ஆனால் தொட்டிக்கு முன்னால் ஒரு பலகை வைக்கப் போகிறார்கள். வருகிறவர்கள் படித்துத் தெரிந்துகொள்வதற்காம். அதில் எழுதப் போவதை மருமகள் எனக்குப் படித்துக் காட்டினாள். கழிவு எங்கிருந்து வருகிறது, கேஸ் எப்படி உண்டாகிறது என்றெல்லாம் அழகாக எழுதியிருக்கிறாள். கடைசியில் இப்படி ஒரு வரி: ஒருமுறை செயலிழந்த தொட்டி, ஊர் மக்கள் ஒத்துழைப்புடன் மீட்கப்பட்டது.

"எம் பேரு எங்க, சாமி?" என்று கேட்டேன்.

"யாரு பேரும் போடறதில்லீங் மாமா. ஒரு ஆள நம்பி நடக்கக் கூடாது. முறைதான் முக்கியம். நாளைக்கு நீங்களும் நானும் இல்லீன்னாலும் நடக்கோணுமில்ல?"

"நடக்கட்டும். ஆனா அன்னிக்கு உன்ற முறை பால் சொசைட்டிக்கு நடந்து போச்சா? வரிசைல நின்னு வாங்கிக் கட்டிக்கிச்சா? சாணி மேல சாக்கு விரிச்சு உக்காந்துச்சா?"

சிரித்தாள். அவள் சிரித்தால் நான் சொன்னது சரி என்று அர்த்தம். இதை முன்னாலேயே எழுதியிருக்கிறேன்.

நான் நியாயமாகவே கேட்கிறேன். மேஸ்திரியம்மாளைப் போடட்டும், காலால் மிதித்த பெண்களைப் போடட்டும். பங்காளியை எனக்கு மேலேகூடப் போடட்டும், மாடு அவருடையது. முதல் வரியில் மருமகளைப் போட வேண்டும். போடாவிட்டால் நானே பெயிண்ட் வாங்கி எழுதுவேன். ஆனால் ஊர் மக்கள் ஒத்துழைத்தார்கள் என்றால், அவர்களிடம் போய்க் கேட்டது யார் என்றும் எழுத வேண்டும். பொங்கலுக்குப் பலகை நடுவதாக இருக்கிறார்கள். எழுதுகிற பெயிண்டர் நம்ம ராசிபுரத்து ஆள்தான், அவரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். சாணி கேட்டுப் போய், அள்ளிக் கொண்டுவந்தவர் என்று ஒரு வரி, அதற்குப் பக்கத்தில் என் பெயர். மில் பெயர் அளவுக்குப் பெரிய எழுத்து வேண்டாம். ஆனால் ரோட்டிலிருந்து படிக்கத் தெரிய வேண்டும்.